மலையேறி வர வேண்டிய ஊசி

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் குழந்தைகளின் தடுப்பூசிகளைப் பாதுகாக்கக் குளிர்பெட்டி வைத்திருப்பார்கள். அதன் உள்வெப்பம் 2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, 8 டிகிரிக்கு மேலே ஏறவும் கூடாது. முகத் தசைகள் ஓயாமல் துடித்து இழுக்கும் நோய்களுக்கு இன்று உலகெங்கும் முதல் சிகிச்சையாகக் கொடுக்கப்படும் போட்டுலினம் நச்சையும் பெரும்பாலும் இதே 2 முதல் 8 டிகிரிக்குள்தான் வைத்திருக்க வேண்டும். ஆக, இந்த மருந்தைக் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கு மேலே கொண்டுபோய் வைப்பதற்கான குளிர்ச் சங்கிலி போலியோ சொட்டு மருந்தின் புண்ணியத்தில் எப்போதோ மலையேறிவிட்டது. ஊசியைப் போடத் தெரிந்த கைகள்தான் மதுரை, கோவை போன்ற நகரங்களிலேயே தங்கியிருக்கின்றன. கொடைக்கானலிலிருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர். மன்னவனூர், கூக்கால் பக்கத்து ஆட்கள் கொடைக்கானல் வந்து சேரவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் வர வேண்டும். ஒரு முறை போய் வருவதோடு முடிந்தால் இந்தத் தூரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த ஊசியின் பலன் ஏறத்தாழ மூன்று மாதம்தான். அது தீர்ந்ததும் இழுப்பு திரும்ப வரும், மறுபடியும் ஊசி போட வேண்டும். இப்படி ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டிய ஒரு மருந்தின் வெற்றியில் பாதி அதன் வீரியத்தைப் பொறுத்தது, மறுபாதி அது தவறாமல் கைக்குக் கிடைப்பதைப் பொறுத்தது. அதனால்தான் இது மலைமக்களுக்கு அருகிலேயே, நாள் குறித்து நடக்க வேண்டிய சிகிச்சை என்று சொல்கிறேன்.

முதலில், எந்தத் துடிப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். இமை துடிப்பது எல்லோருக்கும் எப்போதாவது வருவதுதான். தூக்கம் கெட்டால், காப்பி கூடினால், மனம் அலைக்கழிந்தால் கீழிமையில் நூல் ஓடுவதுபோல ஒரு நடுக்கம் தோன்றும். சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில், தானே அடங்கிவிடும். இதற்கு ஊசி வேண்டியதில்லை. வலக்கண் துடித்தால் ஆணுக்கு நல்லது, இடக்கண் துடித்தால் பெண்ணுக்கு நல்லது என்று நம் வீடுகளில் சகுனம் பார்ப்பதெல்லாம் இந்தத் துடிப்பை வைத்துத்தான். ஆனால் வேறு இரண்டு வகை உண்டு. ஒன்று, முகத்தின் ஒரு பக்கம் மட்டும் இழுப்பது. பெரும்பாலும் நடுவயதில், கண்ணைச் சுற்றித் தொடங்கும். மாதங்கள் போகப் போகக் கன்னத்துக்கும் வாயோரத்துக்கும் இறங்கும். தூக்கத்தில்கூட நிற்காமல் இருக்கலாம். இரண்டாவது, இரு கண்களும் தாமாக இறுக மூடிக்கொள்வது. வெயில் பட்டாலோ காற்று அடித்தாலோ இது கூடும். கடுமையானால் கண்ணில் ஒரு குறையும் இல்லாமலே மனிதர் பார்வையற்றவர் ஆகிவிடுவார், ஏனென்றால் திறக்க முடியாத கண்ணுக்குப் பார்வை இருந்தும் பயனில்லை. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய அடையாளத்தைப் பிரெஞ்சு நரம்பியலாளர் பாபின்ஸ்கி நூறாண்டுக்கு முன்பே குறித்து வைத்தார். ஒருபக்க இழுப்பில் கண் மூடும் அதே கணத்தில் அந்தப் பக்கத்துப் புருவம் மேலே ஏறும். நாமாக முயன்றால் ஒரு கண்ணை மூடிக்கொண்டே அதே பக்கப் புருவத்தை உயர்த்துவது மிகக் கடினம். இரு கண் இழுப்பிலோ புருவம் கீழே இறங்கும். கருவி எதுவும் வேண்டாம், எதிரே உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தால் போதும்.

கொடைக்கானலைப் பொறுத்தவரை இந்தப் பிரித்தறிதலுக்குத் தனி அவசியம் ஒன்று இருக்கிறது. இந்த ஊரில் நடுக்கம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பாதரசம். 1980-களில் இங்கே தொடங்கப்பட்டு, பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் நடத்திவந்த வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊரின் பழைய சாமான் கடையில் கண்டெடுக்கப்பட்டதைத் தொடர்ந்து 2001 மார்ச்சில் மூடப்பட்டது. வேலை செய்ததால் தொழிலாளர்களின் உடல்நலம் கெடவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. கெட்டது என்று தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் தரப்புடன் உடன்பாடு கையெழுத்தானது. அந்த வழக்கின் நியாயம் இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. மருத்துவம் சொல்வது இது: பாதரச ஆவியை நெடுநாள் சுவாசித்தால் விரல்களிலும் இமைகளிலும் உதடுகளிலும் மெல்லிய நடுக்கம் வரும், கூடவே தூக்கமின்மையும் கூச்சமும் எரிச்சலும் சேரும். அந்த நடுக்கம் ஒரு தசையில் நிற்பதில்லை, மூளை முழுவதையும் தொட்ட நஞ்சின் வெளிப்பாடு அது. அதை இமையில் ஊசி போட்டு அடக்குவது தவறான வைத்தியம். தைராய்டு மிகுந்தாலும், இரத்தத்தில் கால்சியம் குறைந்தாலும், இயக்க நரம்புகள் நலிந்து சாகும் கொடிய நோயிலும் துடிப்போ நடுக்கமோ வரும். நலிந்துகொண்டிருக்கும் தசையில் இந்த மருந்தைப் போட்டால் அது இன்னும் தளர்ந்துபோகும். ஆகவே ஊசியை மலையேற்ற வேண்டும் என்று கேட்கும்போது, நோயறியும் கண்ணையும் அதனோடு சேர்த்தே கேட்கிறேன். அழகு நிலையத்தில் சுருக்கம் நீக்குவதற்குப் போடும் பழக்கத்தை வைத்துக்கொண்டு யாரும் இழுப்புக்கு ஊசி பிடிக்கக் கூடாது.

இனி மருந்தின் வேலையைப் பார்ப்போம். ஒருபக்க முக இழுப்பின் வேர் முகத்தில் இல்லை. முக நரம்பு மூளைத்தண்டிலிருந்து புறப்படும் இடத்தில் ஒரு இரத்தக்குழாய் அதன்மேல் உரசி அழுத்துவதால், நரம்பு தானாகவே மின்குறிகளை உதிர்க்கிறது. இரு கண் இழுப்பின் வேர் இன்னும் உள்ளே, அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகளில் இருக்கிறது. இரண்டிலும் கோளாறு தொலைவில், தொல்லை முகத்தில். மேலே அணையில் நீர்வரத்தைக் கட்டுப்படுத்த முடியாதபோது உழவர் தன் வயலின் மடையை அடைத்துப் பயிரைக் காப்பதுபோல, இந்த மருந்து நரம்பின் கடைமுனையை அடைக்கிறது. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நுண்பைகளில் நிரம்பியிருக்கும். குறி வந்ததும் அந்தப் பைகள் முனையின் சவ்வோடு ஒட்டித் திறந்து, வேதிப்பொருளைத் தசைமேல் கொட்டும், தசை சுருங்கும். ஒட்டுவதற்குத் துணைசெய்யும் புரதங்களில் ஒன்று ஸ்னாப்-25. ஏ வகைப் போட்டுலினம் நச்சு முனைக்குள் நுழைந்து அந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது. நரம்பு சாவதில்லை, தசையும் அறுபடுவதில்லை, இடையே உள்ள பேச்சு மட்டும் நின்றுபோகிறது. இரண்டு மூன்று நாட்களில் தளர்வு தெரியத் தொடங்கும், இரண்டு வாரத்தில் உச்சத்தை எட்டும். இதற்கிடையே நரம்பு பக்கவாட்டில் புதுத் தளிர்கள் விட்டுத் தற்காலிக இணைப்புகளை உண்டாக்கிக்கொள்ளும். சுமார் மூன்று மாதத்தில் பழைய முனையே தேறிவரும், தளிர்கள் பின்வாங்கும். மருந்து தீர்ந்துபோவது இப்படித்தான்.

நஞ்சு மருந்தான கதை இருநூறு ஆண்டு நீளமுள்ளது. தெற்கு ஜெர்மனியில் கெட்டுப்போன தொத்திறைச்சியைத் தின்றவர்கள் கை கால் தளர்ந்து, இமை தொங்கி, மூச்சு நின்று இறந்ததை யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் 1820-களின் தொடக்கத்தில் நுணுகி எழுதினார். அவர் ஊரறிந்த கவிஞரும்கூட. நச்சின் சாற்றைத் தன்மேலேயே சோதித்துப் பார்த்தவர். மிகச் சிறிய அளவில் கொடுத்தால் இதே பொருள் அடங்காத அசைவுகளை அடக்கும் மருந்தாகலாம் என்று அன்றே எழுதினார். 1895-ல் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக் குழுவினர் உப்பிட்ட பன்றி இறைச்சியைத் தின்று நோயுற்றபோது, எமில் வான் எர்மெங்கம் அந்த இறைச்சியிலிருந்து நச்சை உண்டாக்கும் நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். மருந்தாக்கியவர் சான்பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணை அறுவை இல்லாமல் நேராக்க வழி தேடிய அவர், 1973-ல் குரங்குகளில் பலன் கிடைத்ததை வெளியிட்டார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் மனிதர்களுக்குப் போட்டார், 1980-ல் முடிவுகளை வெளியிட்டார். 1989 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்ததும் மாறுகண்ணுக்கும் இமை, முக இழுப்புகளுக்கும்தான். முகச் சுருக்கத்துக்கான அனுமதி பன்னிரண்டு ஆண்டு கழித்து 2002-ல்தான் வந்தது. போட்டாக்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் இந்த மருந்து என்றாலே சினிமா நட்சத்திரங்களின் அழகு ஊசி என்று எண்ணி, இதற்குப் பொதுப்பணம் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த வரிசையை நினைவில் வைக்க வேண்டும்.

ஊசி போடும் முறையைக் கிட்டத்தில் பார்த்தால் பயம் பாதி போய்விடும். சிறு புட்டியின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக ஒரு படலம் உலர்ந்து கிடக்கும். வெறும் புட்டி என்றே தோன்றும். அதில் பெரும்பாலும் 100 அலகு மருந்து, எடையில் நானோகிராம் கணக்கு. உப்பு நீரை மெல்ல விட்டு, நுரை எழாமல் உருட்டிக் கரைப்பார்கள். சர்க்கரை நோயாளிகள் இன்சுலினுக்குப் பயன்படுத்துவதைப் போன்ற மெல்லிய ஊசியால், கண்ணைச் சுற்றி நான்கைந்து புள்ளிகளில், ஒவ்வொன்றிலும் 0.1 மில்லிலிட்டர் அளவுக்கு, தோலுக்குச் சற்றே கீழே விடுவார்கள். திறமை முழுவதும் புள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. மேலிமையின் நடுவில் போட்டால், இமையைத் தூக்கும் தசைக்கு மருந்து பரவிக் கண் பாதி மூடித் தொங்கும். அதனால் இமையின் இரு ஓரங்களில் மட்டும் போடுவார்கள். வாயோரத்தில் ஓர் அலகு கூடினாலும் சிரிப்பு கோணும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும், நோயாளி எழுந்து வீட்டுக்குப் போகலாம். படுக்கை வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம்.

உலகின் மிகக் கொடிய நஞ்சை முகத்தில் ஏற்றலாமா என்று கேட்பவர்களின் அச்சம் நியாயமானது. அதற்கான பதில் அளவில் இருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரைக் கொல்ல ஏறத்தாழ 3,000 அலகு வேண்டும் என்பது குரங்கு ஆய்வுகளிலிருந்து கணித்த மதிப்பு. ஒருபக்க முக இழுப்புக்குப் பெரும்பாலும் 15 முதல் 30 அலகு போதும், இரு கண் இழுப்புக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். ஒருபக்க இழுப்பில் இடைவெளி நூறு மடங்குக்குக் குறையாது. ஆனால் அலகு என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், ஒரு பிராண்டின் அளவை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. மையஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கும் ஜென்டமைசின் வகை மருந்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடும். கழுத்து இழுப்புக்குப் போடும் பெரிய அளவுகளில் விழுங்குவது கடினமாகலாம், மருந்து தொலைவுக்குப் பரவக்கூடும் என்ற எச்சரிக்கையை 2009 முதல் அமெரிக்காவில் மருந்தின் விவரக்குறிப்பில் கட்டமிட்டு அச்சிடுகிறார்கள். முகத்துக்குப் போடும் சிற்றளவில் வழக்கமாக வரும் தொல்லைகள் இமைத் தொங்கல், கண் வறட்சி, சில நாள் இரட்டைப் பார்வை. மருந்து தீரும்போது இவையும் தீரும். நோயை நீக்காத தற்காலிகத் தன்மைதான் இங்கே நோயாளிக்குப் பாதுகாப்பாகவும் நிற்கிறது.

நிரந்தரத் தீர்வு இருக்கும்போது மூன்று மாதத் தீர்வு எதற்கு என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஒருபக்க இழுப்புக்கு அறுவை உண்டு. காதுக்குப் பின்னே மண்டையோட்டில் சிறு துளையிட்டு, அழுத்தும் குழாயை நரம்பிலிருந்து விலக்கி இடையே ஒரு சிறு திண்டு வைப்பார்கள். தேர்ந்த கைகளில் பத்துப் பேரில் எட்டொன்பது பேருக்கு இழுப்பு நின்றுவிடுகிறது. இளவயதில் வேறு நோயில்லாதவருக்கு இது நல்ல வழி, ஊசியின் பெயரால் யாரும் இதைத் தடுக்கக் கூடாது. ஆனால் அந்தப் பக்கத்துக் காது கேளாமல் போகும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. மண்டையைத் திறப்பதன் மற்ற ஆபத்துகளும் உண்டு. அறுபதைத் தாண்டிய, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவருக்குக் கணக்கு மாறிவிடும். இரு கண் இழுப்புக்கோ இந்த அறுவையே பொருந்தாது. மாத்திரைகள்? குளோனாசிபாம், கார்பமசெபின், பேக்லோஃபென் போன்றவை சிலருக்குச் சற்றே உதவும். கூடவே தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் வரும். சரிவான பூண்டு வயலில் மண்வெட்டி பிடிப்பவருக்கும், கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஓட்டுபவருக்கும் அந்தக் கலக்கம் நோயைவிடப் பெரிய ஆபத்து.

சான்று போதுமா என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. ஒருபக்க முக இழுப்பில் போலி ஊசியோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 1992-ஆம் ஆண்டு ஆய்வில் இருந்தவர்கள் 11 பேர் மட்டுமே. 2008-ல் அமெரிக்க நரம்பியல் கழகம் இரு கண் இழுப்புக்கு இந்த ஊசியைச் சற்று உறுதியாகவும், ஒருபக்க இழுப்புக்குக் கொஞ்சம் தயக்கத்தோடும் பரிந்துரைத்தது. இந்தக் குறைவுக்குக் காரணம் உண்டு. பலன் அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதால், மருந்தில்லா ஊசியை யாருக்கும் போடுவது முறையல்ல என்று மருத்துவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். தலைவலி போன்ற ஒன்றில் மேம்பாட்டை நோயாளியின் சொல்லை வைத்தே அளக்க வேண்டும். இங்கே இழுப்பு நின்றதா இல்லையா என்பதை எதிரே இருப்பவர் எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம். நாற்பதாண்டுப் பழக்கத்தில் உலகெங்கும் கிடைத்துவரும் ஒரேமாதிரியான பலனை, சோதனை சிறியது என்பதற்காக ஒதுக்கிவிட முடியாது.

இப்போது மலைக்குத் திரும்பலாம். 2,000 மீட்டருக்கு மேலே வானம் தெளிந்திருக்கும் நாளில் வெயில் கண்ணைக் குத்தும். சூரியனை ஆராயும் கூடம் 1899-ல் இங்கே நிறுவப்பட்டதற்கே அந்தத் தெளிவுதான் காரணம். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடுகிறது. குளிர்காற்று கண்ணை உலர்த்துகிறது. ஒளியும் வறட்சியும் இமை இழுப்பைத் தூண்டுபவை என்பதால், நோயாளிக்குக் கீழ்நாட்டைவிட மலை எளிதான இடமல்ல. எத்தனை பேர்? அமெரிக்காவின் மினசோட்டாவில் எடுத்த பழைய கணக்கின்படி ஒருபக்க முக இழுப்பு லட்சத்தில் பத்துப் பேர் அளவுக்கு இருக்கிறது. ஆசியர்களிடம் சற்றுக் கூடுதல் என்பது பல நிபுணர்களின் கருத்து. 2011 கணக்கெடுப்பில் 36,501 பேர் இருந்த கொடைக்கானல் நகரத்தில் அந்தக் கணக்குப்படி மூன்று நான்கு பேர். சுற்றியுள்ள மலைக்கிராமங்களையும், இரு கண் இழுப்புக்காரர்களையும், முகவாதம் தேறியபின் கண்ணோடு வாயும் சேர்ந்து இழுப்பவர்களையும் கூட்டினாலும் இருபதைத் தாண்டுவது அரிது. இவ்வளவு சிலருக்காகவா என்று கேட்கலாம். சிலர் என்பதால்தான் இது கையடக்கமான வேலை. ஒரு புட்டியின் விலை பல ஆயிரம் ரூபாய், கரைத்த மருந்தை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. நோயாளி ஒருவர் தனியே வந்தால் புட்டியில் முக்கால்வாசி வீண். ஒரே நாளில் மூன்று நான்கு பேரைச் சேர்த்து, தூய்மை குறையாமல் ஒரு புட்டியைப் பகிர்ந்து போடுவது பல மருத்துவமனைகளில் நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு நாள் என்று தேதி குறித்தால், ஒவ்வொரு முறையும் ஐந்தாறு புட்டிகள் மலை முழுவதற்கும் போதும்.

நோயறிதலுக்கும் வழி இருக்கிறது. ஊசிக்கு முன் ஒரு முறையாவது எம்ஆர்ஐ எடுத்து, நரம்பை அழுத்துவது கட்டி அல்ல என்று உறுதி செய்ய வேண்டும். அந்த ஒரு பயணம் தவிர்க்க முடியாதது. அதன்பின் வரும் பயணங்களைத் தவிர்க்கலாம். கண்ணால் பார்த்தே அறியும் நோய் என்பதால், கைப்பேசியில் இரண்டு நிமிடம் எடுத்த காணொளி மருத்துவருக்குப் பெரும்பாலானதைச் சொல்லிவிடும். இதே மலையின் அடிவாரத்தில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுவிலேயே கிராமத்துப் பார்வை மையங்களைத் தொலைதூர வைஃபையால் இணைத்து, மருத்துவர் தேனியில் இருந்தபடியே நோயாளியின் முகம் பார்த்துப் பேச வைத்தது. அன்று முடிந்தது இன்று இன்னும் எளிது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்த மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறார்கள். புருவம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அவர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி போதும்.

ஆகவே மருத்துவத் துறையிடம் வைக்கும் கோரிக்கை சிறியது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்தோ மதுரையிலிருந்தோ பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒரு நாள் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு வரட்டும். அந்தத் தேதி முன்கூட்டியே மலைக்கிராமங்களுக்குத் தெரியட்டும். வாசகருக்கும் ஒன்று: உங்கள் வீட்டில் யாருக்காவது முகத்தின் ஒரு பக்கம் மூன்று மாதத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தால், சகுனமென்றோ வயதென்றோ விட்டுவிடாதீர்கள். இழுக்கும்போது ஒரு காணொளி எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரையோ கண் மருத்துவரையோ பாருங்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது.